எட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பேஸ்பால் வழியே கணக்கு – நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம், பாலக்கோடு வட்டாரங்களில் உள்ள எட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பேஸ்பால் ஆட்டத்தை வைத்துக் கணக்கும் கொஞ்சம் தமிழும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்து வருகிறோம். வாரம் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் சம்மதம் தந்துவிட்டார்கள். மொத்தச் செலவு 54,960 ரூபாய். அதில் 14,960 ரூபாயைக் குழுவினரே போட்டிருக்கிறோம். மீதி 40,000 ரூபாய்க்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

கிரிக்கெட் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிற பையன் மட்டையைப் பிடித்தால் அரை மணி நேரம் விடமாட்டான், மற்றவர்கள் வேலியோரம் நிற்பார்கள். பந்து போடத் தெரிந்த ஒருவரும் வேண்டும். நாங்கள் ஆடவைக்கப் போவது பந்து வீச்சே இல்லாத சிறுவர் பேஸ்பால். பந்து ஒரு ஸ்டாண்டின் மேல் நிற்கும், குழந்தை அதை அடித்துவிட்டு ஓடும். தெருவில் கிரிக்கெட் ஆடிப் பழகிய பையனுக்கும் மட்டையே தொடாத பெண் குழந்தைக்கும் இது ஒரே அளவுக்குப் புதிது. எல்லாவற்றுக்கும் மேல், மைதானமே ஒரு சதுரம். அடிக்கிற மூலைக்கு ‘ஹோம்’ என்று பெயர், மற்ற மூன்று மூலைகளும் ‘பேஸ்’. மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். கணக்கு அங்கேதான் இருக்கிறது.

பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி, அதாவது 27.43 மீட்டர். நம் குழந்தைகளுக்கு 12 மீட்டர் போதும். இரண்டு 12 மீட்டர் கயிறும் ஒரு 17 மீட்டர் கயிறும் இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே மைதானம் போட்டுவிடுவார்கள். ஹோமிலிருந்து நேர் எதிரே 17 மீட்டர் கயிற்றை இழுத்து இரண்டாம் பேஸைக் குறிக்க வேண்டும். அந்த இரண்டு முனையிலிருந்தும் 12 மீட்டர் கயிறுகளை வலப்பக்கம் இழுத்துச் சேர்த்தால் முதல் பேஸ், இடப்பக்கம் சேர்த்தால் மூன்றாம் பேஸ். சரியான மூலைவிட்டம் 16.97 மீட்டர், 3 செ.மீ. வித்தியாசத்தை யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. இதிலேயே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. ஹோமில் நின்று பார்த்தால் இது முனையில் நிற்கிற கட்டம். சதுரம் என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புத்தகத்தில் சதுரம் எப்போதும் நேராக உட்கார்ந்திருப்பதால் வருகிற குழப்பம் அது. நான்கு பக்கத்தையும் அளந்து, மூலையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னால் தீர்ந்துவிடும்.

சுற்றளவு 48 மீட்டர். முதல் பேஸ் கால், இரண்டாம் பேஸ் அரை, மூன்றாம் பேஸ் முக்கால், ஹோமைத் தொட்டால் ஒன்று. ஓடிய காலுக்குப் பின்னம் புரிந்துவிடுகிறது. இங்கே ஆசிரியர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாம் பேஸில் ஒருவன் நிற்கும்போது காலும் முக்காலும் ஒன்று என்று கூட்டி, “சார், ஒரு ரன்” என்பார்கள். தூரத்தைக் கூட்டலாம், ஆனால் ஒரே ஆள் முழுச் சுற்றையும் முடித்தால்தான் ரன். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அடித்த கணக்கு. எட்டு முறை அடிக்க நின்று மூன்று முறை பேஸைத் தொட்டவன் சிறந்தவனா, ஐந்து முறை நின்று இரண்டு முறை தொட்டவளா? மூன்று பெரிது என்று எல்லோரும் அவன் பக்கம்தான் நிற்பார்கள். பகுதியை 40 ஆக்கினால் அவனுக்கு 15, அவளுக்கு 16. பேஸ்பாலில் இந்த விகிதத்தை மூன்று தசம இடம் வரை எழுதுவது வழக்கம். நாங்கள் பின்னத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து ஓட்டம். மூன்று பேஸிலும் ம, ர, ம் என்று எழுதிய ஓடுகள் கிடக்கும். ஓடுகிற குழந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து ஹோமில் அடுக்கி, ‘மரம்’ என்று படித்தால்தான் ரன். அட்டை வைத்தால் ஆடிக்காற்று மிச்சம் வைக்காது. அதனால்தான் மழுங்கிய தரை ஓட்டுத் துண்டுகள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் படிக்கிற சொற்களையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளிக்கு ஏன் இரண்டு ஸ்டாண்டு என்றால், 30 பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டாண்டு வைத்தால் 29 பேர் வேடிக்கை பார்ப்பார்கள், பத்தாவது நிமிடம் சண்டை தொடங்கும். பத்துப் பேர் அடிக்க, பத்துப் பேர் பந்து பிடிக்க, பத்துப் பேர் பலகையில் கணக்கு எழுத, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும் என்ற விதியை எடுத்துவிட்டோம். அது இருந்தால் வரிசைக் கடைசியில் நிற்கும் குழந்தைக்கு மட்டை வரவே வராது. அணியில் எல்லோரும் ஒருமுறை அடித்ததும் இன்னிங்ஸ் முடியும்.

ஸ்டாண்டைக் கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய ஸ்கூட்டர் டயரின் நடு ஓட்டையில் 40 மி.மீ. பி.வி.சி. பைப்பை நிறுத்தி, 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி) கொட்டி, ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். எடை பத்துக் கிலோவுக்குப் பக்கம் வரும், எளிதில் சாயாது. ஓரமெல்லாம் ரப்பர் என்பதால் விழுந்தாலும் காயமில்லை. 40 மி.மீ. பைப்புக்குள் 32 மி.மீ. பைப் ஏறி இறங்கும். 5 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு போல்ட் மாட்டினால் பந்தின் உயரத்தை 50 முதல் 80 செ.மீ. வரை மாற்றலாம். குழந்தையின் இடுப்பு உயரமே அளவு. உள்பைப்பின் தலையில் 15 செ.மீ. ரேடியேட்டர் ஹோஸ் கட்டாயம் வேண்டும், அதன் கிளிப் மேல் சைக்கிள் டியூபைச் சுற்ற வேண்டும். புதிதாக அடிக்கும் குழந்தை பந்தை விட ஸ்டாண்டைத்தான் அதிகம் அடிக்கும், வெறும் பைப் ஒரு வாரத்தில் பிளந்துவிடும். 16 ஸ்டாண்டுக்கும் சேர்த்து அரை மூட்டை சிமென்ட் போதும்.

மட்டை உள்ளீடற்ற பிளாஸ்டிக், 60 செ.மீ. நீளம். கனமான கட்டை மட்டையைச் சின்னக் கை தாங்காது, முனை தாழ்ந்து ஸ்டாண்டில் இடிக்கும். பந்து நுரைப்பந்து மட்டுமே. உண்மையான பேஸ்பால் 142 முதல் 149 கிராம் எடையுள்ள தோல் பந்து, கார்க் பந்தைப் போலவே அடிபட்டால் பல் போகும். இந்த ஆட்டத்தில் பெரிய ஆபத்து பந்தால் வருவதில்லை, அடித்ததும் வீசி எறியும் மட்டையால்தான். அதற்கு வழி: ஹோம் பக்கத்தில் ஒரு சைக்கிள் டயரைப் போட்டு, மட்டையை அதற்குள் வைக்காமல் ஓடினால் அவுட் என்று விதி. காத்திருப்பவர்கள் ஐந்து மீட்டர் பின்னால் கோட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும்.

பேஸுக்கு ரெக்சின் துண்டு போட்டால் நம் செம்மண் சரளையில் வழுக்கிக் கணுக்கால் பிசகும். ஜல்லி கிரஷர்களில் கழிக்கும் கன்வேயர் பெல்ட்டை 38 செ.மீ. சதுரமாக வெட்டிப் போட்டால் அசையாது. கோடு போடக் கோலமாவு. சுண்ணாம்புத் தூள் கூடவே கூடாது, கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கையுறை வாங்கவில்லை. விலையும் அதிகம், இடக்கைப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் வேண்டும். கையுறையும் மட்டையும் இல்லாமல் ஐவர் ஆடும் ‘பேஸ்பால்5’ என்ற ஆட்டத்தையே உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு நடத்துகிறது, ஆகவே குறையொன்றுமில்லை.

ஒரு பள்ளிக்கான செலவு: ஸ்டாண்டு இரண்டு 900, மட்டை மூன்று 1,050, பந்து 24க்கு 1,440, பேஸ் வெட்டவும் வர்ணம் பூசவும் 300, கயிறும் 30 மீட்டர் டேப்பும் 350, கணக்குப் பலகை 900, விசில், பை, கோலமாவு 250, முதலுதவிப் பெட்டி 400. முதலில் தீர்வது பந்துதான் என்பதால் ஆண்டு நடுவில் வாங்க இன்னும் 12 பந்துக்கு 720. ஆக 6,310 ரூபாய், எட்டுப் பள்ளிக்கு 50,480. இதோடு 16 ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சியின் சாப்பாடும் பஸ் கட்டணமும் 3,200, பாடக் கையேடு அச்சிட 1,280.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. ஸ்கூட்டர் டயர், கன்வேயர் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கணக்குப் பலகைக்கு நான்கடிக்கு மூன்றடி பிளைவுட் எதுவானாலும் சரி. பொருளாக வந்தால் அந்தத் தொகையைப் பந்துக்கு மாற்றிவிடுவோம். பழைய கிரிக்கெட் மட்டை, கார்க் பந்து, கோப்பைகள் வேண்டாம். மட்டையில் நன்கொடையாளர் பெயர் எழுதமாட்டோம், பள்ளி அறிவிப்புப் பலகையில் வரவு செலவோடு பெயரும் இருக்கும்.

நன்கொடையை அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடமோ தந்து, எண்ணிட்ட ரசீதை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம்.

மே மாதச் சனிக்கிழமைகளில் காலை 6.30 முதல் 9 மணி வரை எட்டு மைதானங்களிலும் கல் பொறுக்கும் வேலை நடக்கும். வர முடிந்தவர்கள் கூடையும் வாருகோலும் கொண்டுவாருங்கள். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் டிரம்மில் இருக்கும். புளோரைடு கலந்த போர் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், பெரியவர்களுக்கும் அதே தண்ணீர்தான்.

இப்படிக்கு,
குழுவினர்