அர்தபீலுக்குக் கடற்கரை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானின் அர்தபீல் மாகாணத்தைப் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையில் சில திருத்தங்கள் தேவை.

அர்தபீல் 'காஸ்பியன் கடலோர மாகாணம்' அல்ல. நிலப்படத்தில் கடல் பக்கத்திலேயே தெரிவதால் பலருக்கும் வரும் மயக்கம்தான் இது. நடுவில் தாலிஷ் மலைத்தொடர் இருக்கிறது. அதைக் கடந்து கீழே இறங்கினால் வரும் அஸ்தாரா துறைமுகம் கீலான் மாகாணத்தைச் சேர்ந்தது. கடலின் ஈரக்காற்று மலையின் கிழக்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால் அந்தப் பக்கம் அடர்காடு. மேற்கே, ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் உள்ள அர்தபீல் சமவெளியில் அந்தக் காட்டைக் காண முடியாது. அங்கே வறண்ட காற்றும் கடுங்குளிரும்தான்.

'கிழக்கு அஜர்பைஜானின் அர்தபீல் நகரம்' என்று எழுதியது 1993க்கு முன்பு சரி. அந்த ஆண்டில்தான் அது தனி மாகாணமாகப் பிரிந்தது. வெறுமனே 'அஜர்பைஜான்' என்று எழுதினாலோ வாசகர் பாகு நகரைத் தலைநகராகக் கொண்ட நாட்டைத்தான் நினைப்பார். ஈரானுக்குள் கிழக்கு, மேற்கு என இரண்டு அஜர்பைஜான் மாகாணங்கள் இருக்கின்றன. எது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது நல்லது.

கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான சங்கதி எல்லைக்கோடு. ஈரான் ரஷ்யாவுடன் 1813இல் குலிஸ்தானிலும் 1828இல் துர்க்மன்சாயிலும் செய்த உடன்படிக்கைகளால் அராஸ் ஆறு நெடுந்தொலைவுக்கு எல்லையானது. ஆனால் அர்தபீலுக்கு வடக்கே உள்ள மொகான் சமவெளியில் எல்லை ஆற்றை விட்டு விலகி நிலத்தைக் குறுக்கே வெட்டுகிறது. 4,811 மீட்டர் உயர எரிமலையான சபலானின் சரிவுகளில் கோடையையும், தாழ்ந்து வெதுவெதுப்பான மொகானில் குளிர்காலத்தையும் கழித்து வந்த ஷாசெவன் மேய்ப்பர்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி இதனால் ரஷ்யப் பக்கம் போனது. 1880களில் ரஷ்யா அவர்கள் கடந்து வருவதை நிறுத்தியபோது, மலையில் புல் இருந்தும் பனிக்காலத்தில் மந்தைக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. நாதிர் ஷா 1736இல் முடிசூடியதும் மொகானில்தான். ஆனால் அந்த இடத்தை 'அர்தபீல் மாகாணத்தில்' என்று எழுத முடியாது. குரா, அராஸ் ஆறுகள் கூடும் அந்தப் பகுதி இன்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

அர்தபீல் நகரில் உள்ள சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீனின் தர்காவில் புகழ்பெற்ற அர்தபீல் கம்பளம் 'இன்றும் விரிக்கப்பட்டுள்ளது' என்பதும் தவறு. ஹிஜ்ரி 946 என்று நெய்யப்பட்டுள்ள அந்தக் கம்பளம் 1893 முதல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ஜோடிக் கம்பளமும் உண்டு. ஒன்றின் கிழிசலை அடைக்க மற்றதை வெட்டினார்கள். கரை இழந்து குட்டையான அந்த இரண்டாவது கம்பளம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ளது. தர்கா நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளையும் 1828இல் ரஷ்யப் படை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோய்விட்டது.

கட்டுரைப் படத்தில் 'சுவர் அலங்காரம்' என்று குறித்திருக்கும், தர்காவின் பீங்கான் கூடமான சீனிகானாவின் மாடங்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் காணிக்கையாக அளித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களுக்காக அமைத்தவை அவை. எஞ்சிய பீங்கான்களில் பெரும்பகுதி தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதால்தான் படத்தில் மாடங்கள் காலியாகத் தெரிகின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்