அழகருக்கு ஆங்கிலத் தேதி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

'வரலாற்றில் இன்று' பகுதிக்குப் பழைய துணுக்கை அப்படியே எடுத்துப் போடுவது எல்லா நிகழ்வுக்கும் சரிவராது. மதுரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2024-ல் அது ஏப்ரல் 23. 2025-ல் மே 12. பன்னிரண்டு பௌர்ணமிக்குச் சுமார் 354 நாள்தான் ஆகும். அதனால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும். சித்திரை மாதத்தை விட்டு நழுவப் பார்த்தால் பதின்மூன்றாவது பௌர்ணமிக்குப் போய், ஒரேயடியாக 19 நாள் தள்ளிவிடும். பஞ்சாங்கம் புரட்டாமல் அச்சிட்டால் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போய்வந்த தல்லாகுளத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

இடமும் முக்கியம். காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி வீட்டில். காந்தி அருங்காட்சியகத்தில் அல்ல. அது 1959-ல்தான் திறக்கப்பட்டது. அங்கே இருப்பது அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி. தடுக்கப்பட்டிருந்த சாதியினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8. 1936 நவம்பர் 12 திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தின் தேதி.

'உலக தினம்' எதுவானாலும் அறிவித்தது யார் என்று ஒரு வார்த்தை சேருங்கள். மார்ச் 22 தண்ணீர் தினம் ஐ.நா. அறிவித்தது. வியாபாரத்துக்காகக் கிளப்பிவிட்ட தினங்களும் ஏராளம் உண்டு.

- வாசகர், செல்லூர், மதுரை