சதுப்பில் விளைச்சல் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் 'சதுப்பு போன்ற விளைச்சலற்ற நிலங்கள்' என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் பக்கத்தில் 30 வருடம் உயிரியல் நடத்தியவன் நான்.

உங்களுக்குத் தெரியாத கணக்கல்ல. ஒரு சதுர மீட்டரில் செடிகொடிகள் ஓராண்டில் புதிதாகச் சேர்க்கும் உலர் எடையை அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1975-இல் பட்டியலிட்டார். வெப்பமண்டல மழைக்காடு சுமார் 2,200 கிராம், சதுப்பு 2,000, கழிமுகம் 1,500. உழுது பயிர் செய்கிற நிலத்தின் உலகச் சராசரி 650தான். நடுக்கடல் வெறும் 125. அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, சத்துதான் வெயில் எட்டாத ஆழத்துக்குள் இறங்கிப் போய்விடுகிறது. பிச்சாவரத்திலோ ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, கடல் ஓதம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கி அதைக் கலக்கிவிடுகிறது.

என் மாணவன் ஒருவனின் அம்மா, இருளர். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போடும் பறியை, அதாவது கூடையை, பல்லில் கவ்வியிருப்பார், அதனால் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். பையனின் பரீட்சைப் பணம் அந்தச் சேற்றிலிருந்துதான் வந்தது. அதையா விளைச்சலற்றது என்கிறீர்கள்?

இதற்கு முன்பு, உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் காடு தருகிறது என்று எழுதினீர்கள். காடு வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அந்தக் காட்டின் சுவாசமும் மக்கலுமே செலவழித்துவிடுகின்றன என்று கடிதம் போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று இருந்துவிட்டேன். இப்போதைய கட்டுரையில் கடலையும் ஏழை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டார்கள். சதுர மீட்டருக்குக் குறைவுதான், ஆனால் பரப்பு அவ்வளவு பெரிதாக இருப்பதால் பூமியின் மொத்தத் தாவர உற்பத்தியில் ஏறத்தாழ பாதி கடலில்தான் நடக்கிறது.

வீண் நிலம் என்று பெயர் வைத்துத்தானே சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் இத்தனை வருடம் குப்பை கொட்டினார்கள்? 2022-இல் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நீங்களே செய்தி போட்டீர்கள். அப்புறமும் இந்த வரி எப்படி அச்சேறியது?

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி இப்படி ஒப்பிடும்போது சதுர மீட்டர் கணக்கா, மொத்தக் கணக்கா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
சிதம்பரம்