செருப்பை விடு, எலும்பைப் பிடி

அன்புள்ள கயல்விழி,

உன் அட்டவணையும் அதோடு எழுதிய குறிப்பும் வந்து சேர்ந்தன. ஆறு நாட்டுச் சிண்ட்ரெல்லா கதைகளை அடுத்தடுத்து நிறுத்தி, இடது ஓரத்தில் "தேவதை, பூசணி வண்டி, நள்ளிரவுக் கெடு, கண்ணாடிச் செருப்பு" என்று எழுதியிருக்கிறாய். பாதிக் கட்டங்களில் "இல்லை", "இல்லை" என்றே வந்திருக்கிறது. குறை அந்தக் கதைகளில் இல்லையம்மா. நீ கையில் எடுத்த அளவுதான் தப்பு. அந்த நான்கும் 1697இல் பாரிஸில் ஷார்ல் பெரோ வெளியிட்ட கதையின் அடையாளங்கள். ஒரு வீட்டு மரக்காலைக் கொண்டுபோய் ஊர் நெல்லையெல்லாம் அளந்தால், ஊரே கள்ள அளவு என்றுதான் தோன்றும்.

ஓரத்து வரிசைகளை முதலில் மாற்று. பன்னிரண்டு போதும். பெண் யாரை இழக்கிறாள், வீட்டில் அவளுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள், யார் துணை, அந்தத் துணையை யார் கொல்கிறார்கள், செத்த துணை எந்த உருவில் திரும்புகிறது, பெண் எந்தக் கூட்டத்துக்குப் போகிறாள், எதை உடுத்திக்கொண்டு, எதை விட்டுவிட்டு வருகிறாள், யார் தேடுகிறார், எப்படி அடையாளம் தெரிகிறது, கல்யாணத்துக்குப் பிறகு என்ன, தண்டனை யாருக்கு யார் கையால். ஒரு கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவதென்றால் முழுக்கதையையும் படித்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால் கட்டத்தை வெறுமையாக விடு. இந்த இரண்டையும் கலப்பதால்தான் பாதி ஒப்பீடுகள் கெட்டுப்போகின்றன.

ஒவ்வொரு கதைக்கும் மேலே சொன்னவர், எழுதியவர், ஆண்டு, மொழி, எந்தப் பதிப்பு என்று ஒரு தலைவரி வேண்டும். பதிப்பு எதற்கு என்று கேட்பாய். கிரிம் சகோதரர்களின் கதையில் புறாக்கள் அக்காமார் கண்ணைக் கொத்தும் முடிவை "ஜெர்மானிய மக்களின் கொடூரம்" என்று நீ எழுதியிருக்கிறாயே, 1812இல் வந்த முதல் பதிப்பில் அந்த முடிவே கிடையாது. 1819 பதிப்பில்தான் சேர்ந்தது. கல்லறை மரமும் அப்படித்தான். முதல் பதிப்பில் சாகும் தாயே "என் கல்லறைமேல் ஒரு மரக்கன்று நடு, வேண்டியதைக் கேட்டு உலுக்கு" என்கிறாள். பிந்திய பதிப்பில் சந்தைக்குப் போன அப்பாவின் தொப்பியில் இடித்த ஹேசல் கிளையைப் பெண் கேட்டு வாங்கி நட்டு, கண்ணீராலேயே வளர்க்கிறாள். கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்வது மட்டும் முதல் பதிப்பிலேயே இருக்கிறது. ஆகவே "கிரிம்" என்று மொட்டையாக எழுதாதே. ஆண்டையும் சேர்த்து எழுது.

சீனக் கதைக்கு மூன்று வரிதான் ஒதுக்கியிருக்கிறாய். உன் பெயரிலேயே கயல் இருக்கிறது, இந்த மீனையா தவறவிடுவாய்? தாங் அரசு காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் நடுவில், துவான் செங்ஷி என்ற அதிகாரி எழுதிவைத்த கதை அது. தன் வீட்டில் முன்பு வேலை செய்த லி ஷியுவான் சொன்னது என்றும், அவர் தெற்கே யோங்ஜோவைச் சேர்ந்தவர் என்றும் குறித்திருக்கிறார். இன்றைய குவாங்ஷியில் நான்னிங் பக்கம். எழுதியவரோடு சொன்னவரின் பெயரும் ஊரும் சேர்ந்து கிடைக்கும் பழங்கதை அபூர்வம்.

வூ என்ற தலைவனுக்கு இரண்டு மனைவியர். ஒருத்தி இறந்துபோகிறாள், அவள் மகள் யே ஷியன். பிறகு தலைவனும் இறக்கிறான். மிஞ்சிய மனைவி அந்தப் பெண்ணைப் படுத்தும் பாடுதான் கதை. ஆங்கில வழியாகப் படித்ததால் "மாற்றாந்தாய்" என்று எழுதிவிட்டாய். அந்தச் சொல் தாய் செத்தபின் வந்தவளைக் காட்டும். இங்கே இருவரும் ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் வாழ்க்கைப்பட்ட சக்களத்திகள். தமிழில் "சின்னம்மா" என்ற சொல் தயாராக இருக்கும்போது ஆங்கிலத்தின் வறுமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பெண் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இரண்டு அங்குல மீன் ஒன்று கிடைக்கிறது. சிவந்த துடுப்பு, பொன்னிறக் கண். கிண்ணத்தில் வளர்க்கிறாள். பெரிதாகப் பெரிதாகக் கிண்ணத்தை மாற்றி, கடைசியில் குளத்தில் விடுகிறாள். அவள் வந்தால் மட்டும் மீன் கரையில் தலைவைக்கும். சின்னம்மா அவளுக்குப் புதுத்துணி கொடுத்துத் தொலைவிலுள்ள ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய உடையைத் தான் உடுத்திக் கத்தியைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு போய் மீனைக் கூப்பிடுகிறாள். அது தலை நீட்டுகிறது. வெட்டிச் சமைத்துத் தின்றுவிட்டு எலும்பைச் சாணக்குவியலுக்கு அடியில் புதைக்கிறாள். வானத்திலிருந்து முரட்டுத் துணி உடுத்திய, தலைவிரி கோலமான ஒருவர் இறங்கி வந்து, எலும்பு இருக்கும் இடத்தைச் சொல்லி, எடுத்து அறையில் வைத்துக்கொள், வேண்டியதைக் கேள் என்கிறார். திருவிழாவுக்கு மீன்கொத்தி இறகு ஆடையும் பொற்செருப்பும் அந்த எலும்பு கொடுத்தவை.

நீ இந்த இடத்தோடு நிறுத்திவிட்டாய். செருப்பைப் பிடித்துத் தேடிவந்த துவோஹான் தீவரசன் அவளை மணந்தபின், பேராசையில் எலும்பிடம் மணிகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு வருடம் கொடுத்த எலும்பு அடுத்த வருடம் வாய் திறக்கவில்லை. முத்துகளோடு கடற்கரையில் அதைப் புதைக்கிறான், அலை கொண்டுபோய்விடுகிறது. சின்னம்மாவும் அவள் மகளும் பறந்துவந்த கற்கள் பட்டுச் சாகிறார்கள். ஊரார் அவர்களைப் புதைத்த இடத்தில் வேண்டுதலும் வைக்கிறார்கள். துர்மரணம் அடைந்தவர்களைக் கும்பிடுவது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டிய சங்கதி அல்ல.

இனி செருப்பு. அதில்தான் மூன்று இடத்தில் வழுக்கியிருக்கிறாய்.

சின்னப் பாதம் என்றதும் சீனர்களின் பாதம் கட்டும் வழக்கத்தை இழுத்து வந்தாய். அந்த வழக்கம் பரவியது 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. துவான் செங்ஷி 863இல் இறந்துவிட்டார். அதுவும் கதை நடப்பது தெற்கு மலைக்குகை மக்களிடம். இரண்டாவது, பிரெஞ்சில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லும் அணில் ரோமத்தைக் குறிக்கும் சொல்லும் "வேர்" என்றே ஒலிக்கும், எனவே பெரோ ரோமச் செருப்பைத்தான் சொன்னார் என்ற பழைய வாதம். 19ஆம் நூற்றாண்டில் நாவலாசிரியர் பால்சாக் கிளப்பிவிட்டது அது. 1697 அச்சில் கண்ணாடி என்றுதான் இருக்கிறது. ரோமம் நெகிழும், யார் காலுக்கும் ஏறும். கண்ணாடி ஒரு நூல்கூட விரியாது, சோதனைக்கு அதுதான் சரி. (கிரிம் கதையில் கண்ணாடி ஆகாது. ரத்தம் முதல் நொடியிலேயே வெளியே தெரிந்துவிடும், இளவரசன் இரண்டு தடவை ஏமாந்து குதிரையேற முடியாது. அங்கே பொற்செருப்பு.) மூன்றாவது, "உலகின் முதல் சிண்ட்ரெல்லா எகிப்தின் ரோடோபிஸ்" என்ற உன் தலைப்பு. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கிரேக்கரான ஸ்ட்ராபோ எழுதியது இவ்வளவுதான்: அவள் குளிக்கும்போது கழுகு ஒன்று செருப்பைத் தூக்கிக்கொண்டுபோய் மெம்பிஸில் அரசன் மடியில் போட்டது, அவன் ஆளனுப்பித் தேடி அவளை மணந்தான். இழந்த தாய் இல்லை, வீட்டுக் கொடுமை இல்லை, துணை இல்லை. உன் பன்னிரண்டு வரிசையில் நிரம்புவது மூன்று நான்குதான். செருப்பு ஒன்றை வைத்துச் சொந்தம் கொண்டாடினால் இப்படித்தான் ஆகும். தவிர, முதலில் எழுதப்பட்ட ஆண்டு வேறு, கதை பிறந்த ஆண்டு வேறு. முன்னதைத்தான் நாம் அறிவோம்.

செருப்பை விட்டுவிட்டு எலும்பைப் பிடித்துப் பார். கிரிமில் தாயின் கல்லறை மரம். நேப்பிள்ஸில் ஜம்பத்திஸ்தா பாசிலே எழுதி 1634 முதல் வெளிவந்த கதையில், அப்பா சார்டினியாவிலிருந்து கொண்டுவரும் பேரீச்சங்கன்று, அதற்கு மண்வெட்டி, தங்க வாளி, பட்டுத்துணி. (அந்தப் பெண் செஸொல்லா தன் முதல் மாற்றாந்தாயைப் பெட்டி மூடியால் கழுத்தை நசுக்கிக் கொன்றவள். சாதுப்பெண் என்று பொதுவாக எழுதியிருக்கிறாய், அவளை விலக்கி எழுது.) வியட்நாம் கதைப் பெண் தன் மீனின் எலும்பை நான்கு சாடிகளில் போட்டுக் கட்டில் கால்களுக்கு அடியில் புதைக்கிறாள். ஆக எங்கும் மண்ணில் போட்டது முளைத்து வந்து கொடுக்கிறது. பெரோ ஒருவர்தான் அதை வெட்டிவிட்டு உயிரோடுள்ள ஒரு பெண்மணியை உட்காரவைத்தார். அவளையும் வெறும் "தேவதை" என்று மொழிபெயர்க்காதே. பிரெஞ்சில் அவள் ஞானத்தாய், ஞானஸ்நானத்தின்போது குழந்தையை ஏந்தியவள். மாயம் தெரிந்த ஞானத்தாய். அந்த உறவு போய்விட்டால், அவள் ஏன் இந்த வீட்டுக்கு வருகிறாள் என்பதே விளங்காது.

பெயர்களை நீ தொடவே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஐரோப்பாவில் பிரெஞ்சு ஸாந்த்ரியோன், ஜெர்மன் ஆஷன்புட்டல், இத்தாலிய செனரெந்தோலா எல்லாமே சாம்பலை வைத்து வந்தவை. தலைப்பில் நிற்பது ஒருத்தியின் பெயர் மட்டும், அக்காமாருக்கு அதில் இடமில்லை. வியட்நாமில் தாம், காம். தாம் என்றால் நொய், காம் என்றால் தவிடு. கொரியாவில் கோங்ஜ்வி, பாத்ஜ்வி. ஒன்று சோயா, மற்றது சிவப்புப் பயறு. மலாயில் பாவாங் மேரா, பாவாங் பூத்தே. வெங்காயமும் பூண்டும். ஒரே குத்தலில் பிரிந்த நொய்யும் தவிடும், ஒரே அஞ்சறைப் பெட்டிப் பக்கத்தில் கிடக்கும் சாமான்கள். பெயரே ஜோடியாக வருவதால், இங்கே கதை ஒரு பெண் ராணியாவதைப் பற்றியது அல்ல, இரண்டு சகோதரிகளில் யார் யார் இடத்தில் நிற்பது என்பதைப் பற்றியது. கல்யாணத்தோடு அது முடியாது, முடியவும் கூடாது.

வியட்நாம் கதையின் பின்பாதியைப் பார். ராணியான தாம் அப்பாவின் திதிக்கு வீட்டுக்கு வருகிறாள். பாக்குப் பறிக்க மரமேறச் சொல்லிவிட்டுச் சின்னம்மா அடிமரத்தை வெட்டுகிறாள். அக்காவின் உடையை உடுத்திக்கொண்டு காம் அரண்மனைக்குப் போகிறாள். செத்தவள் மாங்குயிலாகிறாள். கொன்று தின்று இறகை எறிந்தால் இரண்டு மரம். மரத்தை வெட்டித் தறி செய்தால் தறி பேசுகிறது. எரித்துச் சாம்பலைத் தூரக் கொட்டினால் "தி" என்னும் வாசனைப் பழமரம், அதில் ஒரே ஒரு பழம். ஒரு கிழவி "முகர்ந்துதான் பார்ப்பேன், தின்னமாட்டேன்" என்று கேட்க, பழம் அவள் பையில் விழுகிறது. கிழவி இல்லாத நேரத்தில் பழத்திலிருந்து தாம் இறங்கி வீட்டுவேலை செய்கிறாள். அந்தப் பக்கம் வந்த அரசன் வெற்றிலை மடித்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, இது யார் மடித்தது என்று கேட்கிறான். ஃபீனிக்ஸ் சிறகுபோன்ற மடிப்பு, அவன் மனைவியின் கைப்பழக்கம். செருப்பு காலை அளக்கிறது, இது கையை அறிகிறது. வெற்றிலை மடிக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் எது உயர்ந்த அடையாளம் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

முடிவில் தாம் தங்கையைக் கொதிநீரில் கொன்று, மீன்சாறுபோல ஊறவைத்துச் சின்னம்மாவுக்கு அனுப்புகிறாள். வியட்நாமில் பாடநூலில் இதை வைப்பதா மாற்றுவதா என்று விவாதமே நடந்திருக்கிறது. மென்மையாக்கிய பதிப்பு உன் கையில் சிக்கினால், தண்டனைக் கட்டத்தில் அதைத் தனியாகக் குறி.

மலாய்க் கதையில் இன்னொரு பொறி இருக்கிறது. மலேசியாவில் மேரா நல்லவள், பூத்தே கெட்டவள். இந்தோனேசியாவில் நேர்மாறு. பெயரை மட்டும் பார்த்து எழுதினால் நல்லவளைத் தூக்கில் போட்டுவிடுவாய். கதையும் ஒன்றல்ல. மலேசிய வடிவில் மீன் எலும்பும், அவள் பாடினால் மட்டும் ஆடும் ஊஞ்சலும் உண்டு, ஊஞ்சல்தான் அங்கே செருப்பு. இந்தோனேசியாவில் பரவலான வடிவில் ஆற்றில் துணி போய், கிழவி வீட்டில் வேலை செய்து, சின்னப் பூசணியா பெரிய பூசணியா என்று தேர்ந்தெடுக்கிறாள். உலக நாட்டார் கதைகளை வகை பிரித்துக் கொடுத்திருக்கும் எண்படி அது 480, இரக்கமுள்ள பெண்ணும் இரக்கமில்லாத பெண்ணும். சிண்ட்ரெல்லா 510ஏ. எண்ணைக் கட்டாயம் போடு, தேவையானால் இரண்டு போடு. தாம் கதையின் முன்பாதி 510ஏ, உருமாறும் பின்பாதி 408ஐ ஒட்டியது. ஏ.கே. ராமானுஜன் ஆராய்ந்த கன்னடத்து ஹஞ்சி கதை 510பி. மண் முகமூடி போட்டுக்கொண்டு தன் அண்ணனின் ஆசையிலிருந்து தப்பியோடும் பெண், செருப்பே இல்லாத கதை. அதை உன் ஆறில் சேர்க்காதே, பக்கத்தில் வை.

எண்ணிக்கைச் சண்டைக்கும் போகாதே. நாட்டார் கதை ஆய்வாளர் மேரியன் ரோல்ஃப் காக்ஸ் 1893இல் சிண்ட்ரெல்லா கதையின் 345 வடிவங்களைத் திரட்டினார். பெரிய வேலை. ஆனால் யே ஷியன் அதில் இல்லை, சீன இலக்கியத்தை மொழிபெயர்த்த ஆர்தர் வேலி அதை ஆங்கிலத்தில் விளக்கியது 1947இல். ஐரோப்பாவில் அதிகம் தேடினார்கள், அங்கே அதிகம் கிடைத்தது.

கொரியக் கதையிலும் கல்யாணத்துக்குப் பிறகு குளமும் தாமரையும் இருக்கின்றன, அந்த வடிவத்தை முழுசாகத் தேடிப் படி. புது அட்டவணையில் பதினொன்றாம் வரிசையை, அதாவது "கல்யாணத்துக்குப் பிறகு என்ன" என்பதை, முதலில் நிரப்பி அனுப்பு. மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அத்தை