ஆனைமலையில் எனக்குப் பார்க்கக் கற்பித்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கடந்த மாதம் கோவையில் நிறைவடைந்த என் நீர்வண்ண ஓவியக் காட்சியில் இருந்த 34 படங்களிலும் என் கையெழுத்து மட்டுமே இருந்தது. பார்க்க வந்தவர்களும் என்னையே பாராட்டிச் சென்றார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களைச் சேர வேண்டியது என்பதால் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

இருபது ஆண்டுகளாக மலைகளை வரைந்து வருகிறேன். ஆனால் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையில் வந்து தங்கும் வரை என் மலைகளில் உயிர் எதுவும் இருந்ததில்லை. தொலைவில் ஒரு நீலம், அதற்கு முன்னால் ஒரு பச்சை, கீழே ஒற்றை மரம் என்று எந்த மலையையும் ஒரே மலையாக வரைந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தவர் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். சங்கப் பாடல்களில் வருடை என்று படித்திருந்த வரையாட்டை வரைந்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில், ஒன்பதாவது வளைவருகே அவரிடம் என் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆடு சோலைக்குள்ள நிக்காதுங்க. புல்லுல மேயும், பயந்துச்சுன்னா பாறைக்கு ஏறிக்கும். நீங்க பாறையே போடலீங்களே" என்றார். ஆட்டுக்கு அது தப்பிக்கும் வழியையே நான் வரையாமல் விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல், விளிம்பில் செங்குத்துப் பாறை என்ற அந்த நிலத்தின் ஒழுங்கை அவரோடு நின்ற காலை வேளைகளில்தான் கற்றேன். முதிர்ந்த கிடாவின் கரும்பழுப்பு உடலில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிர் திட்டு இருக்கும். பாசி படர்ந்த பாறையிலிருந்து அதைப் பிரித்துக் காண என் கண்ணுக்கு நான்கு மாதங்கள் ஆயின. இப்போது பாறையை வரைந்த பிறகே ஆட்டுக்கு வருகிறேன்.

இருவாச்சிப் பறவையைக் காட்டிய காடர் பழங்குடிப் பெரியவருக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. அதன் கழுத்திலும் இறக்கையின் வெண்பட்டையிலும் படிந்திருக்கும் மஞ்சள் இறகின் சொந்த நிறம் அன்று, வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்துப் பறவை தானே பூசிக்கொள்வது என்று அவர் சொன்னபோது, வண்ணம் பூசுவதையே தொழிலாகக் கொண்ட நான் பேச்சற்று நின்றேன். பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு கிடக்கும் காலத்தில் ஆண் பறவைதான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும் என்பதால், மரத்தை நெருங்கவோ வண்ணப்பெட்டியைத் திறக்கவோ அவர் என்னை விடவில்லை. தொலைவில் ஒரு புதர் மறைவில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம். பறவை தென்படும் முன்பே அதன் இறக்கையோசை வந்தது. அந்தப் படத்தை அறைக்குத் திரும்பி நினைவிலிருந்தே வரைந்தேன். காட்சியில் பலரும் நெடுநேரம் நின்று பார்த்த படம் அதுதான். அவர் அன்று என்னைத் தடுத்ததற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மழைக்காலத்து மூடுபனியில் நீர்வண்ணம் காய்வதில்லை. முதல் பூச்சு உலராமல் இரண்டாவதை வைத்தால் மலையும் வானமும் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். ஒரே வாரத்தில் 11 தாள்களை அப்படிக் கெடுத்துவிட்டு, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல், அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணைத் துடைத்து, என் தாள்களை அங்கே பரப்பி வைத்தார். அந்த ஆண்டின் மழைப் படங்கள் அனைத்தும் அந்தப் பரணில் காய்ந்தவை. அவற்றில் ஒன்றில் புகையேறிய மெல்லிய பழுப்பு இருக்கிறது. அந்த மாலை வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அக்காவின் அடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் நன்றி. தேயிலைக்குள் படுத்திருந்த காட்டுமாட்டைப் பாறை என்று நினைத்து அதை நோக்கி நடந்த என்னைக் கூவி நிறுத்தினார்கள். யானைகள் அருகில் இருப்பதை அறிவிக்கும் குறுஞ்செய்தி வந்த நாட்களில், அதே எச்சரிக்கைக்காகக் கம்பத்தில் எரியும் சிவப்பு விளக்கைச் சுட்டிக்காட்டி, இருட்டுவதற்குள் என்னை வீடு சேர்த்த ஜீப் ஓட்டுநரையும் மறக்கமாட்டேன். படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுத்த கோவை நண்பர், காட்சி முடியும் வரை பணம் கேட்கவில்லை.

புகைப்பழுப்பு ஏறிய அந்தப் படத்தை வாங்கப் பலர் கேட்டார்கள், விற்கவில்லை. அது அக்காவின் வீட்டுச் சுவருக்கு உரியது. காவலருக்கு, பாறையோடு வரைந்த வரையாட்டுப் படம். பெரியவருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேட்க வேண்டும். மழை ஓய்ந்ததும் படங்களோடு மேலே வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஓவியன்