ராட்னோட்டியின் கவிதைகளையும் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போர்க்காலக் கவிஞர்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராட்னோட்டியைச் சேர்த்திருந்தது மகிழ்ச்சியளித்தது. ஆனால், அவரைப் பற்றிய பகுதி முழுவதும் மரணச் செய்தியாகவே அமைந்துவிட்டது. 1944 நவம்பரில் அப்டா என்னும் ஊருக்கருகே, நடக்க இயலாத நிலையிலிருந்த கைதிகள் 22 பேரில் ஒருவராக அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1946-இல் புதைகுழியைத் தோண்டியபோது அவருடைய கோட்டுப் பையில் சிறு குறிப்பேடு கிடைத்ததும் நெஞ்சை உலுக்கும் செய்திகள்தாம். அக்குறிப்பேட்டில் இருந்த கவிதைகள் எத்தகையவை என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் என் குறை.

ராட்னோட்டி கட்டாய உழைப்பு முகாமுக்குப் போன பிறகு கவிஞரானவர் அல்லர். 1931-லேயே அவருடைய தொகுப்பு ஒன்று வழக்குக்கு உள்ளாகியிருக்கிறது. ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஆயர் பாடல் ஒன்றை மொழிபெயர்த்தவர், 1938 முதல் அந்த வடிவத்திலேயே தம் காலத்தின் அச்சத்தைப் பாடத் தொடங்கினார். யூதராகப் பிறந்ததால் 1944-இல் செர்பியாவிலுள்ள செப்புச் சுரங்கத்தைச் சார்ந்த கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட பிறகும், அந்த யாப்பை அவர் கைவிடவில்லை.

அங்கே ஜூலை மாதத்தில் எழுதிய ஏழாவது ஆயர் பாடலைப் படித்தால் இது விளங்கும். கைவிளக்கையும் புத்தகங்களையும் காவலர்கள் பறித்துக்கொண்டார்கள்; தபாலும் வருவதில்லை. பேன்களுக்கும் தெள்ளுப்பூச்சிகளுக்கும் நடுவே பலகையில் கிடந்தபடி, எழுத்தின் மேற்குறிகளைக்கூட இடாமல், வரிக்குக் கீழே வரியைத் தடவித் தடவி இருட்டில் எழுதுவதாக மனைவி ஃபன்னியிடம் சொல்கிறார். ஹங்கேரிய மொழியில் நெடிலைக் காட்டுபவை பெரும்பாலும் அந்த மேற்குறிகளே. குறில் நெடில் அளவை நம்பி நிற்கும் அறுசீர் அடியை, அந்தக் குறிகளே இல்லாத இருட்டிலும் அவர் பிழையின்றி அமைத்திருப்பதை, யாப்பறிந்த தமிழ் வாசகர் எவரும் வியக்காமல் இருக்க முடியாது.

1944 அக்டோபர் 31 அன்று, முகாமிலிருந்து கைதிகளை நடத்திச் சென்ற கட்டாய நடைப்பயணத்தின் இடையே எழுதிய கடைசிக் கவிதை ஏழே அடிகள் கொண்டது. பிடரியில் சுடப்பட்டு விழுந்த தோழரின் உடல், அறுபடும் தந்தியைப் போல் விறைத்திருந்ததை அருகில் கிடந்து பார்க்கிறார். தம் முடிவும் இதுவே என்று தமக்கே முணுமுணுக்கிறார். அதைக்கூட எதுகை இயைபு சிதையாமல் எழுதியிருக்கிறார். அந்த நிலையிலும் மனிதனாக நிற்க அவருக்கு யாப்புதான் துணையிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, இவ்விரு கவிதைகளையேனும், உரைநடையை உடைத்துப் போட்ட வரிகளாக அல்லாமல், ஆசிரியப்பாவிலோ வேறு பொருத்தமான சந்தத்திலோ தமிழாக்கம் செய்து, வரும் இதழ்களில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.