ஏரிக்கரையில் கோடைப் பணி: இன்னும் ரூ.1,15,000 தேவை

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரில் வாழும் நம் மக்களுக்கும் ஏரிப் பாதுகாப்புக் குழுவின் வணக்கம்.

மே 1 அன்று நம் பிள்ளைகள் 24 பேர் ஏரியில் பணி தொடங்க வேண்டும். ஏப்ரல் 20-க்குள் மீதித் தொகை சேராவிட்டால் பாதிப் பேரை வேண்டாம் என்று சொல்ல நேரிடும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் எழுந்தருளியிருக்கும் வட்டாரம் இது. மழை இரவில் ஏரிக்கரையைக் காத்து நின்ற வில்லேந்திய இருவரை, ராம லட்சுமணரை, கண்டதாகச் சொல்லப்படும் அதே ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸ் துரைதான், 1798-இல் வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தவர். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது நேரே போய் முறையிட்டவர்கள் சாதாரண உழவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொன்னதல்ல. 2022-இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாமும் மார்தட்டிக்கொண்டோம். அங்கே கூடு கட்டும் பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்குத்தான் வருகின்றன. நம் ஏரிக்கும் வருகின்றன. வந்து பார்த்தால் வடக்குக் கரை முழுவதும் சீமைக் கருவேலம்!

சென்ற கோடையில் முதல்முறையாகப் பிள்ளைகளை இறக்கினோம். மாட்டுச் சாணத்தைத் தட்டில் பரப்பி ஈரம் காயாமல் வைத்தார்கள். மாடு தின்ற காயின் விதை கிடந்து அதிலிருந்தே சீமைக் கருவேலம் முளைத்தது. வெட்ட வெட்ட அது எங்கிருந்து வருகிறது என்று நாம் புலம்பிக்கொண்டிருந்த கேள்விக்குப் பாதி விடை அந்தத் தட்டில் இருந்தது. இன்னொரு நாள், முள்மரம்தானே என்று இயந்திரம் ஒரு மரத்தை நெருங்கியபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து நிறுத்தினாள். கீழே உதிர்ந்த காயைப் பொறுக்கிக் காட்டினாள்: மணிமணியாகக் கோத்தது போன்ற காய். நாட்டுக் கருவேலம், பறவை கூடு கட்டும் மரம். பக்கத்தில் நின்ற குழு உறுப்பினர்கள் எவருக்கும் அது கண்ணில் படவில்லை.

இனிக் கணக்கு. பிள்ளைகளின் ஊதியம், தலைக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் 30 நாளைக்கு ரூ.1,80,000. பயிற்றுநர் சம்பளம் ரூ.40,000. காலை உணவு, முதலுதவி ரூ.38,000. நீர்ச் சோதனைப் பெட்டி, நாற்றுப் பைகள், குறிப்பேடுகள் ரூ.22,000. ஆக மொத்தம் ரூ.2,80,000. கையில் இருப்பது ரூ.1,65,000.

"படிக்கிற பிள்ளைக்குக் கூலி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கூலி இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். மற்றவர்கள் விடுமுறையில் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஏரியை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏரியைப் படிக்க வழியில்லை என்றால் யாருக்காக இந்தப் பாடம்? 14 வயது நிறைந்தவர்களை மட்டுமே பெற்றோர் கையொப்பத்துடன் சேர்க்கிறோம். அரிவாளும் இயந்திரமும் பெரியவர்கள் கையில்தான். பிள்ளைகளுக்கு அளப்பது, எண்ணுவது, நாற்று வளர்ப்பது மட்டுமே வேலை. காலை பத்தரைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு உதவியவர்களை மறக்கவில்லை. சங்கக் கூட்டத்திலேயே வசூலித்து முதல் தொகையைத் தந்த மகளிர் சுய உதவிக் குழுவினர், தம்முடைய பைனாகுலரையே கொடுத்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடாவிலிருந்து மாதாமாதம் அனுப்பிய இளைஞர்கள், முப்பது நாளும் இட்லிக்கு அரிசி அளந்த அரிசி ஆலைக்காரர், பெயர் சொல்லாதே என்று ஐநூறு ரூபாயை மடித்துக் கொடுத்துவிட்டுப் போன பாட்டி, அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. ராமர் அருளால் உங்கள் குடும்பங்கள் தழைக்கட்டும்.

அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழா மின்விளக்கு அலங்காரத்துக்கு இரண்டே நாளில் பணம் சேர்ந்த ஊர் இது. தை மாதக் கூட்டத்தில் கைதூக்கித் தொகை எழுதிவிட்டு இன்றுவரை தராதவர்களும் இருக்கிறார்கள். பட்டியல் எங்களிடம் உள்ளது. இந்த முறை பலகையில் எழுதவில்லை.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். சென்ற ஆண்டு வரவு செலவுக் கணக்கு நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஏரிப் பாதுகாப்புக் குழுவினர்